பறவை என்னாயிற்று?

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்து, அந்த வேலையிலேயே தலை நரைத்துப்போன ஒருவன், பனி மூடிக் கிடக்கும் பின்லாந்து தேசத்துப் பாட்டொன்றைப் பற்றி எழுதப் புகுந்தால், "இவனுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அந்தப் பாட்டின் மொழி எனக்குத் தெரியாது. அந்த நாட்டை நான் கண்டவனுமல்லேன். மேனாட்டுச் சங்கீதத்தை முறையாகக் கற்றவனுமல்லேன். ஆயினும் அந்தப் பாட்டு நாற்பது வருஷங்களுக்கு மேலாக என் வீட்டில் ஒலித்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலே என் ஆயுளில் பாதி கழிந்திருக்கிறது. ஆதலால் இதை எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

1978-ஆம் வருஷம் ஈப்போ நகரத்தில் பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில் ஓர் இசைத்தட்டை வாங்கினேன். அட்டையின் ஓரம் கறையான் அரித்திருந்தது. விலை மலிவு, அதுவே நான் வாங்கியதற்கு முதற் காரணம். பள்ளிக்கூடத்து விழாக்களுக்காக வாங்கிய பாட்டுப்பெட்டி ஒன்று என் வீட்டில் இருந்தது. தமிழ்த் தட்டுகள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. புதிதாக ஏதாவது கேட்போமே என்ற ஆசை இரண்டாவது காரணம். யான் ஸிபேலியஸ் என்ற பின்லாந்து நாட்டு இசைப் புலவரின் படைப்புகள் அந்தத் தட்டில் இருந்தன. அந்தால் டொராட்டி என்பவர் வாத்தியக் குழுவை நடத்த, க்வினெத் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் தேசத்துப் பாடகி ஒரு பாட்டை மட்டும் பாடியிருந்தார். பாட்டின் பெயர் "லுவொன்னொத்தர்". "இயற்கையின் மகள்" என்பது அதன் பொருள் என்று அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தது.

அந்தப் பாட்டைப் பற்றி முதலில் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஸிபேலியஸ் 1865-இல் பிறந்து 1957-இல் மறைந்தவர். லுவொன்னொத்தரை அவர் 1913-இல் எழுதி முடித்தார். தனிக் குரல் ஒன்றுக்கும் பெரியதொரு வாத்தியக் குழுவுக்குமாக அமைந்தது அது. பாடி முடிக்க ஏறத்தாழ 9 நிமிஷம் ஆகும். ஐனோ அக்தே என்ற பின்லாந்துப் பாடகிக்கென்றே அது எழுதப்பட்டது. அந்த அம்மையார் சாமானியப் பாடகியல்லர். நாடக மேடைகளில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தவர். அதற்கு முன் 1911 வாக்கில் அவருக்காக வேறொரு பாட்டு எழுதித் தருவதாக ஸிபேலியஸ் ஏற்றுக்கொண்டு, பின்பு முடியாமல் பின்வாங்கினார். அம்மையாருக்கு அதனால் மனவருத்தம் உண்டாயிற்று. அந்தக் கடனைத் தீர்ப்பது போலவே லுவொன்னொத்தர் பிறந்தது. 1913 செப்டம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்து இசைவிழாவில் அக்தே அம்மையார் அதை முதன்முதலாகப் பாடினார். குரல் கீழே இறங்கி மேலே ஏற வேண்டிய தூரம் சுமார் இரண்டு ஸ்தாயி. மூச்சு விட இடமில்லாத நீண்ட அடிகள். பாடத் துணிகிறவர்கள் அன்றும் சிலர், இன்றும் சிலரே.

இனிக் கதைக்கு வருவோம். உலகம் உண்டாவதற்கு முன்பு வெறும் ஆகாயமும் வெறும் நீருமே இருந்தன. ஆகாயத்தில் தனிமையில் வாழ்ந்து சலித்த கன்னியொருத்தி அலைகளின்மேல் இறங்கினாள். 700 வருஷம் அவள் நீரிலே நீந்தினாள். புயல் எழுந்தது, அலை உயர்ந்தது. காற்றுலகிலேயே இருந்திருக்கலாமே என்று அவள் வருந்திப் புலம்பி, உக்கோ என்னும் பெருந்தெய்வத்தைத் துணைக்கு அழைத்தாள். அப்போது வாத்தினத்தைச் சேர்ந்த ஒரு நீர்ப்பறவை அங்கே பறந்து வந்தது. கூடு கட்ட இடம் தேடி நான்கு திசையும் பறந்தது. இடமில்லை. காற்றிலே கட்டினால் காற்று கவிழ்த்துவிடும். அலையிலே கட்டினால் அலை அடித்துச் செல்லும் என்று அது தவித்தது. நீரின் தாயாகிய அந்தக் கன்னி இரக்கங்கொண்டு தன் முழங்காலை அலைக்கு மேலே உயர்த்தினாள். பறவை அதை நிலமென்று எண்ணிக் கூடு கட்டியது, அடைகாத்தது. அடைகாத்த சூட்டினால் கன்னிக்குக் கால் எரிந்தது, உடல் நடுங்கியது, அசைந்துவிட்டாள். கூடு நீரில் உருண்டது. முட்டைகள் உடைந்தன. அந்த உடைந்த துண்டுகள் அழகிய பொருள்களாக மாறின. மேலோடு வானமாயிற்று, வெண்கரு நிலவாயிற்று, புள்ளி புள்ளியாக இருந்தவை விண்மீன்களாயின. பாட்டு அத்துடன் முடிகிறது.

தட்டை வாங்கி வந்த அன்றிரவு, லயத்து வீடுகளில் விளக்கு அணைந்த பின்பு, பாட்டைப் போட்டேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் ஓசை சிறிது நேரத்தில் நின்றது. பாட்டு முடிந்ததும், "இந்த அம்மாள் என்ன சொல்லி இப்படி அழுகிறாள்?" என்று கேட்டாள். அட்டையில் ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து, மேலே எழுதியபடியே கதையைத் தமிழில் சொன்னேன். கேட்டு முடித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"எல்லாம் சரி. அந்தப் பறவை என்னாயிற்று?"

எனக்கு விடை தெரியவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பறவையைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தையும் இல்லை. "அது பாட்டிலே இல்லை" என்றேன். "இருக்காது" என்று சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வாசக நேயர்களே, இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியை நான் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. எங்களுக்கு 1969-இல் மணமாயிற்று. அடுத்த வருஷம் அவள் கருவுற்றாள். அந்த நாளில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, விடியுமுன் மரம் சீவி, பால் சுமந்துதான் பெண்கள் வயிற்றுப் பிள்ளையையும் சுமந்தார்கள். ஏழாம் மாதத்தில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. அவளுக்கு நினைவு தெளிவதற்குள் நானும் இரண்டு பெரியவர்களுமாகத் துணியில் சுற்றி எடுத்துப் போய், தோட்டத்துச் சுடுகாட்டின் ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டோம். தாய் பார்த்தால் தாங்கமாட்டாள் என்பது பெரியவர்கள் சொன்ன காரணம். அவள் தன் பிள்ளையின் முகத்தைக் கண்டதே இல்லை.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். "தலையெழுத்து" என்றாள் ஒருத்தி. "கிரகண நாளில் வெளியே நடந்திருப்பாய்" என்றாள் இன்னொருத்தி. மரம் சீவியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சுயமரியாதைக் கூட்டங்களுக்குப் போய் வந்தவன் நான். அந்தப் பேச்சுகளை அதட்டி நிறுத்தினேன். நிறுத்திவிட்டு நான் சொன்னது என்ன? "அழாதே, நம் பிள்ளை வானத்திலே நட்சத்திரமாகி விட்டாள்" என்றேன். தலையெழுத்தை நம்பாதவன், அதைவிடச் சுலபமான ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பதில் சொல்லவில்லை. பின்னர் எங்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்து வளர்ந்தார்கள். அந்த முதற் பிள்ளையைப் பற்றிய பேச்சு எங்களிடையே எழுந்ததில்லை.

எட்டு வருஷம் கழித்து, உடைந்த முட்டை விண்மீன்களான கதையை நானே அவளுக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதோ, பறவை என்னாயிற்று என்று. அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்று புரிந்துகொள்ள எனக்கு அன்றிரவு முழுவதும் பிடித்தது.

நிற்க. அன்று தொடங்கி அந்தப் பறவையைத் தேடலானேன். ஆசிரியனுக்குத் தெரிந்த தேடல் புத்தகத் தேடல்தானே? பாட்டின் மூலம் "கலெவலா" என்ற பின்லாந்துக் காவியம் என்று அறிந்தேன். அதைத் தொகுத்தவர் எலியாஸ் லொன்ரொத் என்ற வைத்தியர். கயானி என்ற சிற்றூரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, ஓய்வு கிடைத்த போதெல்லாம் கால்நடையாகக் கரேலியக் காடுகளுக்குச் சென்று, எழுத்தறியாத கிழவர்களும் கிழவிகளும் பாடிய பழம்பாட்டுகளைக் கேட்டு எழுதியவர் அவர். முதற் பதிப்பு 1835-இல் வெளியாயிற்று. 1849-இல் அதைப் பெருக்கி, 50 காண்டங்களும் 22,795 அடிகளும் கொண்ட நூலாக வெளியிட்டார்.

அந்த நாளில் பின்லாந்து ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் சுவீடனின் ஆட்சி. படித்தவர்கள் சுவீடிஷ் மொழி பேசினார்கள். பின்னிய மொழி உழவர்களும் வேலைக்காரர்களும் பேசும் பேச்சாகவே மதிக்கப்பட்டது. அந்தப் பேச்சிலே ஒரு காவியம் இருக்கிறது என்று கண்டபோது அந்த மக்களுக்கு முதுகு நிமிர்ந்தது. நாடு 1917 டிசம்பர் 6-இல் விடுதலையை அறிவித்தது. கலெவலாவின் முதற் பதிப்பு முன்னுரையில் உள்ள தேதியாகிய பிப்ரவரி 28-ஐ அந்நாட்டார் கலெவலா நாள் என்று கொண்டாடுகிறார்கள். ஸிபேலியஸும் சுவீடிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்திலே பின்னிய மொழி கற்றவர்தாம். 1891-இல் போர்வோ என்னும் ஊருக்குச் சென்று, லாரின் பரஸ்கே என்ற கிராமத்துப் பெண்மணி பாடப் பாட அவர் இருந்து கேட்டார். அந்தப் பெண்மணியிடமிருந்து அறிஞர்கள் எழுதிக்கொண்ட அடிகள் 32,000-க்கு மேல். ஆனால் வறுமை அவரை விடவில்லை. 1904-இல் வறுமையிலேயே அவர் மறைந்தார். பாட்டை எடுத்துக்கொண்ட உலகம் பாடியவளை மறந்துவிட்டதைப் படித்தபோது, "பறவை என்னாயிற்று?" என்ற கேள்வியே மறுபடியும் என் செவியில் விழுந்தது.

அந்த மொழியைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழ் வாத்தியாரின் பலவீனம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குறில் நெடில் இருப்பது போல அவர்களுக்கும் உண்டு. ஒற்று இரட்டித்தால் நம் மொழியில் பொருள் மாறுவது போலவே அங்கும் மாறும். "துலி" என்றால் நெருப்பு; "தூலி" என்றால் காற்று; "துல்லி" என்றால் சுங்கம். அவர்களுடைய பழம்பாட்டுகளில் அடிக்கு எட்டு அசை என்பது பொது வழக்கு. ஓரடிக்குள் சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கும், நம்முடைய மோனையேதான். ஓரடியிற் சொன்னதை அடுத்த அடி வேறு சொற்களால் மீண்டும் சொல்லும். நம் ஒப்பாரிப் பாட்டுகளில் வருவதைப் போல. மொழி தெரியாமலே என் மனைவி அதை அழுகை என்று கண்டுகொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

காவியத்தில் பறவையைத் தேடினேன். அங்கே கதை இன்னும் விரிவாக இருக்கிறது. ஆறு பொன் முட்டைகள், ஓர் இரும்பு முட்டை. கீழோடு நிலமாகிறது, மஞ்சட்கரு சூரியனாகிறது. இவ்விரண்டும் ஸிபேலியஸின் பாட்டில் இல்லை. அவர் வானத்தையும் நிலவையும் விண்மீன்களையும் மட்டுமே வைத்துக்கொண்டார். அதாவது இரவை மட்டும். மற்றொரு செய்தியும் வியப்பளித்தது. 1835-ஆம் வருஷப் பதிப்பில் பறவை கூடு கட்டியது வைனமோயினன் என்ற வீரனுடைய முழங்காலில். 1849-ஆம் வருஷப் பதிப்பிலேதான் லொன்ரொத் அந்த முழங்காலை ஒரு பெண்ணுக்கு உரியதாக மாற்றினார். வருந்துகிற ஒரு பெண்ணே, இடமில்லாத இன்னொரு தாய்க்கு இடம் கொடுக்கிறாள் என்ற கருத்து அதனால் அமைந்தது. ஆனால் கூடு கவிழ்ந்த பிறகு பறவை என்னாயிற்று என்று காவியமும் சொல்லவில்லை. காவியத்துக்கு அவசரம், உலகம் உண்டாக வேண்டும், வீரன் பிறக்க வேண்டும். முட்டையை இழந்தவளைத் திரும்பிப் பார்க்க அதற்கு நேரமில்லை.

புத்தகம் கைவிடவே, இசையினிடத்தில் தேடினேன். வெவ்வேறு பாடகிகள் பாடிய ஒலிப்பதிவுகளைச் சேர்க்கத் தொடங்கினேன். முதலில் சிங்கப்பூரிலிருந்து நண்பர் ஒருவர் வாங்கி அனுப்பினார், பிறகு நாடாக்கள் வந்தன, குறுந்தட்டுகள் வந்தன, இப்போது என் பேத்தி கைபேசியைத் தட்டினால் நினைத்த பதிவு பாடுகிறது.

மிகப் பழைய பதிவு 1934-இல் ஆனது. பின்லாந்து வாத்தியக் குழு லண்டனுக்குச் சென்றிருந்தபோது, யோர்க் ஷ்னேவொய்க்ட் நடத்த, ஹெல்மி லியுக்கொனன் என்ற பாடகி பாடியது. அந்நாளைய தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிஷமே கொள்ளும். ஒன்பது நிமிஷப் பாட்டை நடுவில் வெட்டித் தட்டைத் திருப்ப வேண்டும். இரைச்சலுக்கிடையே, ஒரு கிராமத்துப் பெண் கதை சொல்வது போல அந்தக் குரல் அலங்காரமின்றி ஒலிக்கிறது. 1955-இல் ஹெல்சிங்கி நகரில் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் பாடகி பாடிய பதிவும் கிடைக்கிறது. 1965-இல் நியூயார்க்கில் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த, பிலிஸ் கர்டின் பாடினார். என்னிடம் இருந்த க்வினெத் ஜோன்ஸ் தட்டு 1969-ஆம் வருஷப் பதிவு. அவருடையது பெருங்குரல். கடலே எழுந்து நின்று பாடுவது போல இருக்கும். புயலும் அலையும் அதில் சிறப்பாக விளங்கும். ஆனால் சிறு பறவை அந்தக் கடலில் எங்கேயோ அமிழ்ந்து போவதாக எனக்குத் தோன்றும்.

சுவீடன் நாட்டு எலிசபெத் ஸொடர்ஸ்ட்ரம், அஷ்கெனாஸி நடத்தப் பாடிய பதிவைக் கேட்டபோது, முதன்முறையாகப் பறவையைக் கண்டேன். அவர் மேடையில் நின்று பாடுபவராகத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைத் தன் நெஞ்சோடு சொல்லிக்கொள்பவராகத் தோன்றினார். கூடு கட்ட இடமில்லை என்று பறவை தவிக்கும் இடம் வந்தது. அப்பொழுதுதான், அதுவரை நூறு தடவை கேட்டும் கவனியாத ஒன்று என் காதில் பட்டது. பாட்டின் தொடக்கத்தில் தந்திக் கருவிகள் காற்றைப் போல ஓயாமல் சலசலக்கின்றன. கன்னி தன் வேதனையைச் சொல்லும் இடத்தில் அந்தச் சலசலப்பு அடங்கி, யாழொலியோடும் முழவொலியோடும் மெதுவான ஒரு புலம்பல் மெட்டு வருகிறது. பின்பு மறுபடியும் சலசலப்பு. பறவை பறந்து வருகிறது. அது இடமின்றித் தவித்துக் கதறும்போது, கன்னி அழுத அதே மெட்டின் சாயல் முன்னிலும் பெரிதாக எழுந்து வருகிறது. ஸிபேலியஸ் அந்த இரண்டு தாய்களுக்கும் ஒரே ஒப்பாரியைக் கொடுத்திருக்கிறார்! காவியம் சொல்லாமல் விட்டதை மெட்டு சொல்லிவிட்டது. கன்னியின் துயரம் வேறு, பறவையின் துயரம் வேறு அல்ல. கூடு கவிழக் காரணமாயிருந்தவளும், கூட்டை இழந்தவளும் ஒரே குரலில் அழுகிறார்கள்.

முடிவையும் அதன் பிறகே சரியாகக் கேட்டேன். உலகம் உண்டாகும் இடத்தில், வேறு யாராயிருந்தாலும் எக்காளமும் பேரிகையும் முழங்க வைத்திருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. வானமும் நிலவும் விண்மீனும் வரும்போது வாத்தியங்கள் அடங்கிவிடுகின்றன. குரல் மிக மென்மையாக, வியப்பும் அச்சமும் கலந்து சொல்லி நின்றுவிடுகிறது. அது வெற்றி முழக்கமன்று. "எல்லாம் நன்மைக்கே" என்ற ஆறுதலும் அன்று. உடைந்தது உடைந்ததுதான், மேலே விண்மீன் இருப்பதும் உண்மைதான், ஒன்றைக் காட்டி மற்றதை மறக்கச் சொல்ல அந்த இசைக்கு மனம் வரவில்லை.

பின்லாந்துப் பாடகிகள் பாடிய பதிவுகளில் இது இன்னும் தெளிவாக விளங்குகிறது. ஸக்காரி ஒரமோ நடத்தக் கரித்தா மத்திலா பாடியதும், லெய்ப் ஸெகெர்ஸ்தாம் நடத்தச் சொய்லே இஸொகொஸ்கி பாடியதும் என்னிடம் உண்டு. தாய்மொழிச் சொல் வாயிலிருந்து விழும் இயல்பே தனி. நெடில் நெடிலாக நிற்கிறது. ஒற்று ஒற்றாக விழுகிறது. 2021-இல் நார்வே தேசத்து லீஸே டேவிட்சன், எட்வர்ட் கார்ட்னர் நடத்தப் பாடிய பதிவு வெளியாயிற்று. மலையை நகர்த்தக்கூடிய குரல் அது. அந்தக் குரல் கடைசி அடிகளில் தன் பலத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு மெலிவதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு நெகிழும். எது சிறந்தது என்று கேட்டால் நான் ஸொடர்ஸ்ட்ரம் அம்மையாரையே சொல்வேன். அது இசை ஞானத்தால் சொல்வதன்று. எனக்குப் பறவையைக் காட்டிக் கொடுத்தவர் அவர்.

ஸிபேலியஸின் வாழ்க்கையைப் படித்தபோது இன்னொரு செய்தி கண்டேன். அவருடைய மூன்றாவது மகள் கிர்ஸ்தி, 1898 நவம்பரில் பிறந்தவள். 1900 பிப்ரவரியில், ஒன்றேகால் வயதிலே, விஷக்காய்ச்சலால் இறந்துபோனாள். அதற்கும் பதின்மூன்று வருஷம் கழித்து எழுதிய பாட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஒரு பிள்ளையைப் புதைத்த தகப்பன் எழுதிய பாட்டு இது என்பது மட்டும் உண்மை. அந்த உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகு, என்னால் பழையபடி அந்தப் பாட்டைக் கேட்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் என் மனைவியிடம் சொல்லத் துணிவு வருவதற்கு வெகு காலமாயிற்று. சென்ற வருஷம், மழை பெய்த ஒரு மாலையில், பேத்தியின் கைபேசியில் அந்தப் பாட்டை மறுபடி வைத்தேன். இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது. பாட்டு முடிந்ததும், "நீ அன்று பறவை என்னாயிற்று என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா?" என்றேன். "இருக்கிறது" என்றாள். கன்னிக்கும் பறவைக்கும் ஒரே மெட்டு என்பதைச் சொன்னேன். கிர்ஸ்தியைப் பற்றியும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்படியானால் பாட்டுக் கட்டினவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது" என்றாள்.

பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "நட்சத்திரம் என்று நான் சொன்னது தப்பு. உன்னை அழவிடாமல் இருக்கச் சொன்னேன். உன் அழுகையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை."

அவள் கேட்டது வேறு. "எங்கே வைத்தீர்கள்?"

சொன்னேன். சுடுகாட்டுக்குக் கிழக்கே, ஓடையோரத்தில், ஒரு பெரிய மரத்தின் கீழே. அந்தத் தோட்டம் கைமாறி, ரப்பர் மரமெல்லாம் வெட்டுண்டு, எண்ணெய்ப்பனை வந்து பல வருஷமாகிறது. அந்த மரமும் இல்லை. காட்டுவதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அதையும் சொன்னேன். "முகம் எப்படி இருந்தது?" என்று கேட்டாள். ஐம்பத்து நான்கு வருஷம் அவள் கேட்காத கேள்வி. உன் முகம்தான் என்றேன், அது பொய்யல்ல. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அவள் தன் மனத்துக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாளாம். அதை அன்றுதான் எனக்குச் சொன்னாள். அந்தப் பெயர் அவளுடையது, இங்கே எழுதமாட்டேன்.

அன்பர்களே, நம்மவர்களில் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் வாயிலே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போகிறோம். விதி என்கிறோம், காலம் என்கிறோம், சற்றுப் படித்தவர்கள் நட்சத்திரம் என்கிறோம். இழந்தவளைப் பேசவிடாமல் செய்வதற்கே பெரும்பாலும் அந்த வாக்கியம் பயன்படுகிறது. முகத்தைக் காட்டியிருக்கலாம். பெயரைக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். இவற்றைத் தெரிந்துகொள்ள எனக்குக் கடல் கடந்த ஒரு தேசத்துப் பாட்டு வேண்டியிருந்தது. அதைவிட, அரிசி புடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த பெண்ணொருத்தி வேண்டியிருந்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பாட்டை வைக்கும்போது, பறவை தவிக்கும் இடம் வந்ததும் அவள் கையிலுள்ள வேலையை நிறுத்திவிடுகிறாள். விண்மீன் வரும் இடத்துக்கு அவள் காத்திருப்பதில்லை. எழுந்து போய் விளக்கை ஏற்றுகிறாள். நான் மட்டும் முடிவுவரை இருந்து கேட்கிறேன்.